டூப்ளிகேட் ஆன ஜீன் ஏன் அழியாம நிக்குது?

ஜங்ஷன்_பையன்
சேலத்துல எம்.எஸ்சி. ஜுவாலஜி படிக்கிறேன்ங்க. ஒரு ஜீன் டூப்ளிகேட் ஆகி ரெண்டாயிட்டா ஒண்ணு வேலை பாத்தா போதும், இன்னொண்ணுல மியூட்டேஷன் விழுந்தாலும் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, அப்ப நாளாவட்டத்துல அது கெட்டு சூடோஜீனா, அதாவது வேலை செய்யாத ஜீனா போயிடணும், முக்காவாசி காப்பிங்க அப்படித்தான் போகுதாம். ஆனா பல கோடி வருஷமா ரெண்டும் நல்லா ஓடிட்டிருக்கிற ஜோடிங்களும் இருக்கே, எப்படி? "ஒரு ஸ்பேர் இருக்கட்டும்னுதான்"ங்கிற பதில் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது.

லேப்வாசி
உங்க சந்தேகம் நியாயம்தான் தம்பி. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு தாங்கும்ங்கிறது நிஜம், ஆனா தாங்குற அளவுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, ஒண்ணு கெட்டுப்போறதை எது தடுக்கும்? நாளைக்கு உதவும்னு இன்னைக்கே எடுத்து வைக்க இயற்கைத் தேர்வுக்குத் தெரியாது.
1970ல சுசுமு ஓனோங்கிற மரபியல் விஞ்ஞானி சொன்னது, ஒண்ணு பழைய வேலையைப் பாக்க, இன்னொண்ணு புது வேலைக்கு மாறிடலாம்னு. நம்ம கண்ணுலயே இருக்கு, எக்ஸ் குரோமோசோம்ல சிவப்பு ஆப்சின், பச்சை ஆப்சின்னு (ஒளியைப் புடிக்கிற புரதம்) ரெண்டு ஜீனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு, ஒரே ஜீன் ரெண்டானதுதான், புரதம் நூத்துக்கு 96 பங்கு ஒண்ணேதான், மிச்சத்துல சில அமினோ அமிலம் மாறினதுலயே புடிக்கிற ஒளி மாறிடுச்சு.

மலைக்காட்டான்
ஏற்காட்டுல காபி பழம் பறிக்கிற சீசன்ல வந்து பாருங்க, பச்சை இலை, பச்சைக் காய்க்கு நடுவுல செவந்த பழத்தை மட்டும் பாத்துக் கை போகுதே, அதுக்கு இந்த ரெண்டு ஆப்சினும் வேணும்.
காபிச் செடியையும் விட்டுடாதீங்க. காஃபீன் தயாராகுறப்ப மெத்தில் குரூப்ங்கிற சின்ன அணுக் கூட்டத்தை ஒவ்வொண்ணா ஒட்டுற என்சைம்களோட ஜீன்லாம் ஒரே குடும்பம், டூப்ளிகேட் ஆகி ஆகி வந்தது, இப்ப ஆளுக்கு ஒரு ஸ்டெப். எதை எடுத்தாலும் காஃபீன் குறைஞ்சிடும். அரபிகாங்கிற காபி இனத்துல 44 குரோமோசோம், ரொபஸ்டா இனத்துல 22, ஏன்னா ரொபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ்னு ஆப்பிரிக்காவுல ஒரு காட்டு இனமும் கலந்து ரெண்டு ஜீனோமும் (ஒரு இனத்தோட மொத்த ஜீன் தொகுப்பு) முழுசா தங்கினதுதான் அரபிகா.

லேப்வாசி
அண்ணன் நல்ல இடத்துக்கு வந்தாரு. முழு ஜீனோமும் ரெண்டானா புரதம் தயாரிக்கிற ரைபோசோம் மாதிரி பல பார்ட் சேந்த மெஷின்ல எல்லா பார்ட்டும் சேந்தே ரெண்டாகும், அப்புறம் ஒண்ணு மட்டும் குறைஞ்சா மத்த பார்ட்டோட அளவு இடிக்கும், அதனால ரெண்டு காப்பியும் நிக்கும்.
எனக்கு ரொம்பப் புடிச்ச விளக்கம் வேற, 1999ல ஃபோர்ஸ், லிஞ்ச்ங்கிற விஞ்ஞானிங்க குழு சொன்னது. புதுசா எதுவும் வர வேண்டாம், ரெண்டுமே வேற வேற இடத்துல கெட்டாலே போதும். எலில என்கிரெய்ல்டு-1 ஒரே ஜீன், கருவுல கால் வளர்ற மொட்டுலயும் வேலை பாக்குது, பின்மூளை, தண்டுவட நரம்பு செல்லுலயும் வேலை பாக்குது. ஜீப்ராமீன்ல அது ரெண்டாயிருக்கு, ஒண்ணு முன்துடுப்பு மொட்டுல, இன்னொண்ணு அந்த நரம்பு செல்லுல. ஜீன் எங்க ஓடணும்னு சொல்ற சுவிட்ச் ஆளுக்கொண்ணு கெட்டுப்போச்சு, இனி ஒண்ணு போனாலும் பழைய வேலைல பாதி போயிடும், ரெண்டும் மாட்டிக்கிச்சு.

ஜங்ஷன்_பையன்
அட, கெட்டுப்போனதாலயே பொழைச்சுதா! அப்ப ஒரு ஜோடி புது வேலை கத்துக்கிச்சா, பழசைப் பங்கு போட்டுக்கிச்சான்னு எப்படிங்க பிரிச்சுப் பாக்குறது?

லேப்வாசி
டூப்ளிகேட் ஆகாத சொந்தக்கார இனத்துல அந்த ஒத்தை ஜீன் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ரெண்டு வேலையும் அதுவே பாத்தா பங்கு, ஒண்ணு மட்டும் அங்க இல்லவே இல்லன்னா அது புதுசா இருக்கலாம். ஜீப்ராமீன் மாதிரி மீனுக்கு ஸ்பாட்டட் கார்ங்கிற இன்னொரு மீனை வச்சு கம்பேர் பண்ணுவாங்க, டீலியோஸ்ட் மீன்களுக்கு (ஜீப்ராமீனும் சேந்த பெரிய மீன் கூட்டம்) நடந்த அந்த முழு ஜீனோம் டூப்ளிகேஷனுக்கு முன்னாடியே அது பிரிஞ்சு போயிடுச்சு.