முதலமடை மாந்தோப்பில் பெரிய எல்.இ.டி. பேனல் ஏற்றுவது: ஆடிக் காற்றுக்கு என்ன ஏற்பாடு?

கோவிந்தாபுரம் லைட்

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியில் ஒரு அவுட்டோர் யூனிட்டில் மூன்று வருடமாக லைட்மேனாக இருக்கிறேன். சொந்த ஊர் கோவிந்தாபுரம். அடுத்த வாரம் முதலமடையில் ஐந்து நாள் ஷூட்டிங், அதில் மூன்று நாள் இரவு. எங்கள் லைட் ஆபீசருக்கு உடம்பு சரியில்லை. மேலே கட்டுகிற வேலை முதல்முறையாக என் பொறுப்பில் வந்திருக்கிறது.

வேலை இரண்டு. ஒன்று, பழைய ஓட்டு வீட்டுக் கூடம். இரண்டு ஸ்கைபேனல் எஸ்60 (எல்.இ.டி. பேனல் விளக்கு) மேலிருந்து நேர் கீழே அடிக்க வேண்டும், ஸ்டாண்டு எதுவும் பிரேமில் தெரியக் கூடாது என்கிறார் கேமராமேன். உத்திரம் 10 அடி உயரத்தில், 14 அடி நீளத்துக்குப் போகிறது. அதிலேயே கிளாம்ப் போட்டுத் தொங்கவிடலாமா?

இரண்டாவது, மாந்தோப்பில் நிலா வெளிச்சம். அதே ஸ்கைபேனலில் பெரியதான எஸ்360 ஒன்று, கிராங்க் ஸ்டாண்டில் (கைப்பிடியைச் சுற்றி உயர்த்துவது) 4 மீட்டர் உயரம். அதற்கு முன்னால், வெளிச்சத்தை மென்மையாக்க, 8 அடிக்கு 8 அடி ஸ்கிம்மர் (பிரேமில் இழுத்துக் கட்டிய துணி). எத்தனை மண் மூட்டை போதும்?

இன்னொன்று. எஸ்60 வெறும் 12 கிலோதானே, அதற்கெல்லாம் சேஃப்டி ஒயர் எதற்கு என்று கூட இருக்கிற பையன்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கொல்லங்கோடு ஆர்ட்

அந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய செட் வேலை பார்த்திருக்கிறேன். உத்திரம் பெரும்பாலும் தேக்கு, இல்லையென்றால் பலா. 24 கிலோ அதற்குப் பெரிய பாரமே இல்லை, ஊஞ்சலே அதில்தான் ஆடுகிறது. ஆணி மட்டும் அடிக்காதீர்கள். கிளாம்ப் வாய் கடிக்கிற இடத்தில் பழைய சாக்கு நாலு மடிப்பு வையுங்கள். மரத்தில் தழும்பு விழுந்தால் அடுத்த முறை அந்த வீட்டுக்காரர் எந்தக் கம்பெனிக்கும் வீடு தர மாட்டார்.

ஆனைமலை லைட்

தம்பி, முதல் பொறுப்பு வந்ததும் கட்டுவதற்கு முன்னால் கேட்கிறீர்கள் பாருங்கள், அது சந்தோஷமாக இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்து 22 வருடம். டென் கே டங்ஸ்டன் (பத்தாயிரம் வாட்ஸ் பழைய விளக்கு) தூக்கிய காலத்திலிருந்து பார்க்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உத்திரம். ஊஞ்சல் ஆடிய உத்திரம் நல்ல அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியாக எந்த வருடம் ஆடியது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கொக்கி அப்படியே இருக்கும், ஊஞ்சலை இறக்கி இருபது வருடம் ஆகியிருக்கும். உத்திரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மரம் கெடுவது சுவருக்குள் நுழைகிற இரண்டு முனைகளில்தான். ஓடு உடைந்து ஒழுகிய தண்ணீர் கைமரம் வழியாக இறங்கி (கழுக்கோல் என்பார்கள் அங்கே) சுவர் தலைப்பில் போய்த் தங்கும். ஏணி போட்டு ஏறி, முனை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காமல் நிற்கும். கெட்டுப்போன மரத்தில் ஊறிய அவலில் குத்தியது போல உள்ளே போகும். கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று மேல்பக்கத்தையும் பாருங்கள், கீழே நின்றால் அது கண்ணில் படாது. பிறகு ஸ்பேனர் பிடியால் ஓரடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று வருகிற சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே உள்ளே ஓட்டை இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் நான் அந்த உத்திரத்தில் தொங்கவிட மாட்டேன். கீழே நடிகர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி என்றால் கட்டாயம் மாட்டேன். கூடத்தின் இரண்டு ஓரத்திலும் காம்போ ஸ்டாண்டு நிறுத்தி, குறுக்கே 48 மில்லிமீட்டர் அலுமினியப் பைப் போட்டு, கால்பந்து கோல் கம்பம் மாதிரி, கோல்போஸ்ட் கட்டுங்கள். ஓரத்தில் நிற்கிற ஸ்டாண்டைக் கதவு, பத்தாயம், திரைச்சீலை எதையாவது வைத்து ஆர்ட் ஆட்கள் மறைத்துவிடுவார்கள். பைப் உத்திரத்துக்குப் பக்கத்திலேயே போகட்டும். பாரம் முழுவதும் ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்க வேண்டும், உத்திரம் பைப் அசையாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

எஸ்60-ஐ மாட்டுகிற முளை 28 மில்லிமீட்டர், ஜூனியர் பின் என்பார்கள். அதை 16 மில்லிமீட்டர் பேபி அடாப்டரில் மாற்றி சின்ன கிளாம்பில் மாட்டுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அதற்கு விடாதீர்கள், பைப்புக்கான கிளாம்பே போடுங்கள். பவர் சப்ளை பெட்டியை முடிந்தால் தரையில் வையுங்கள். மேலேதான் வைக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி சேஃப்டி ஒயர். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முன்னால் மாட்டுகிற பார்ன் டோர் (மடக்குத் தகடு), எக் கிரேட் (கட்டம் கட்டமான தடுப்பு) இவற்றுக்கும் தனித்தனியாக ஒன்று.

12 கிலோதானே என்கிற பையன்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒயரைத் தொளதொள என்று விட்டு, விளக்கு 30 சென்டிமீட்டர் விழுந்து, 1 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டி வந்தால் அந்த நொடியில் ஒயரில் விழுகிற இழுப்பு சுமார் 370 கிலோ. அதனால் ஒயர் இருந்தால் மட்டும் போதாது, இழுத்துப் பிடித்தாற்போல இருக்க வேண்டும். யோக்கில் (விளக்கைத் தாங்குகிற வளைவுச் சட்டம்) கோத்து பைப்பைச் சுற்றி வரட்டும். கிளாம்பைச் சுற்றினால் கிளாம்ப் கழன்று விழும்போது ஒயரும் சேர்ந்தே விழும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரையும் ஒரு பருத்தித் துணிக்குள் பிடித்து முழு நீளமும் உருவிப் பாருங்கள். இழை அறுந்த இடத்தில் துணி மாட்டி இழுக்கும். அந்த ஒயரை அங்கேயே வெட்டிப் போட்டுவிடுங்கள், பெட்டிக்குள் திரும்ப வைத்தால் நாளைக்கு வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

இனி தோப்பு. எனக்கு உண்மையிலேயே பயம் அங்கேதான்.

எல்.இ.டி. வந்த பிறகு எடை குறைந்தது, சூடு குறைந்தது. அதோடு நம் கவனமும் குறைந்துவிட்டது. பழைய டென் கே கனமாக இருந்தாலும் முகம் சின்னது, காற்றுக்கு அதில் பிடி கிடைக்காது. எஸ்360-ன் முகம் கிட்டத்தட்ட 1.3 மீட்டருக்கு 0.8 மீட்டர். எடை 40 கிலோ ஒட்டி வரும். அதை 4 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் பாய்மரம் கட்டிய மாதிரி. நீங்கள் நிற்கப்போவதோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கிற அந்த இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாய்கிறது. காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை.

கணக்கு எளிது. காற்றின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, வர்க்கம் செய்து, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 60 நியூட்டன், ஏறத்தாழ 6 கிலோ. எஸ்360-ன் முகம் ஒரு சதுர மீட்டர் என்று வையுங்கள். 4 மீட்டர் உயரத்தில் 6 கிலோ தள்ளினால் அடியில் சாய்க்கிற பலம், ஆறை நாலால் பெருக்கி, 24. விளக்கும் ஸ்டாண்டும் சேர்த்து 60 கிலோ, மூன்று காலும் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது என்றால், இரண்டு காலுக்கு நடுவில் இருக்கிற பலவீனமான பக்கத்தில் கிடைப்பது 30 சென்டிமீட்டர்தான். 60-ஐ 0.3 ஆல் பெருக்கினால் தாங்குகிற பலம் 18, சாய்க்கிற 24-ஐ விடக் குறைவு. ஸ்டாண்டு சாய்ந்துவிடும், மூட்டை இல்லாமல் நிற்கவே நிற்காது. அதே ஸ்டாண்டைத் திருப்பி, ஒரு காலைக் காற்று போகிற திசைக்கு நேராக, அங்கே என்றால் கிழக்கே, நீட்டி வைத்தால் 36 கிடைக்கும். ஒரு பைசா செலவில்லாத வேலை, பாதிப் பேர் செய்வதில்லை.

ஆனால் அந்த 36-ஐ நம்பி இருக்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நான்கு மடங்கு. 8க்கு 8 ஸ்கிம்மர் கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். 36 கிலோமீட்டர் காற்றில் 36 கிலோ தள்ளும், 54-க்குப் போனால் 80 கிலோ. இதற்கு மண் மூட்டை பதில் இல்லை, கயிறுதான் பதில். ஸ்டாண்டு தலைப்பிலிருந்து மூன்று பக்கம், 45 டிகிரி சாய்வில், மாமரத்தின் அடித்தண்டில் கட்டுங்கள். கிளையில் வேண்டாம். கிளை ஆடினால் விளக்கு ஆடும், நிலா வெளிச்சம் ஆடினால் காட்சியே போச்சு. அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் முளைக்குச்சி மழை பெய்த மறுநாள் கையோடு வந்துவிடும். இரவு வேலை என்பதால் ஒவ்வொரு கயிற்றிலும் இடுப்பு உயரத்தில் வெள்ளைத் துணி கட்டுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆழியாறுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில், ஆனி மாதக் கடைசி. ஷாட் மாற்றுவதற்காக ஸ்கிம்மரை நாலடி நகர்த்தச் சொன்னார்கள். ஒரு கயிற்றை அவிழ்த்தோம். அவிழ்த்தவன் நான். அதுவரை இலை கூட அசையவில்லை. திடீரென்று வந்த ஒரே வீச்சில் பிரேம் ஸ்டாண்டோடு எழும்பி, மேக்கப் போடுகிற பெண் உட்கார்ந்திருந்த நாற்காலி மேல் விழுந்தது. ஒரு நிமிடம் முன்னால்தான் அந்தம்மா டீ குடிக்க எழுந்து போயிருந்தார். என் இடது மணிக்கட்டு முறிந்தது, அது பரவாயில்லை. அந்த நாற்காலியின் கைப்பிடி மடங்கிக் கிடந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. 2020 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் விளக்குத் தூக்கிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் போனது உங்களுக்கும் தெரியும். நகர்த்த வேண்டும் என்றால் முதலில் கீழே இறக்குங்கள், பிறகு நகர்த்துங்கள். எத்தனை பேர் சத்தம் போட்டாலும் அதுதான் வரிசை.

புளியரை ஜெனரேட்டர்

செங்கோட்டைப் பக்கம் எங்களுக்கும் இதே காற்று, கூடவே சாரல். மேலே அண்ணன் சொன்னதற்கு மேல் கரண்ட் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

எஸ்360 1500 வாட்ஸ், எஸ்60 ஒவ்வொன்றும் 450. எல்லாம் சேர்த்து 2400, பத்து ஆம்பியர் சொச்சம். இவ்வளவுதானே, வீட்டு லைனிலேயே எடுக்கலாம் என்று மேனேஜர் சொல்வார். பழைய வீட்டில் எர்த் இருக்காது, இருந்தாலும் காய்ந்து போயிருக்கும். இரும்பு ஸ்டாண்டு, ஈர மண், வெறுங்காலோடு ஆட்கள். ஜெனரேட்டரே ஓடட்டும். எர்த் ராடு அடித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பிரேக்கர்) வழியாக லைன் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

இந்த மாடல்கள் மழை தாங்காது. தூறல் விழுந்ததும் பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிச் சுற்றுவார்கள், அப்போது ஃபேன் காற்று அடைத்து சூடேறும். மேலே குடை மாதிரி நிறுத்தி, பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். கேபிள் விளக்குக்குள் போவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். டி.எம்.எக்ஸ். லைனுக்கு (விளக்குகளைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்துகிற லைன்) சவுண்ட்காரர்களின் மைக் கேபிளைக் கடன் வாங்காதீர்கள். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் போடுங்கள், இல்லையென்றால் டேக் நடுவில் விளக்கு தானாக மினுக்கும்.

கோவிந்தாபுரம் லைட்

ரொம்ப நன்றிங்கண்ணா. நேற்று சாயங்காலம் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டேன். வடக்கு முனை கல் மாதிரி இருக்கிறது. தெற்கு முனையில் ஸ்க்ரூடிரைவர் இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கே தெரியவில்லை, பாவம், பேத்தி அந்தக் கூடத்தில்தான் தூங்குகிறாள் என்றார். கோல்போஸ்ட் என்று முடிவாகிவிட்டது.

தோப்பில்தான் சிக்கல். ஸ்கிம்மர் இல்லாமல் நிழல் கூர்மையாக விழும் என்று கேமராமேன் பிடிவாதமாக இருக்கிறார். நான் சின்னப் பையன், எப்படிப் பேசுவது?

ஆனைமலை லைட்

அந்த முனையை வீட்டுக்காரருக்குக் காட்டியது நல்ல காரியம் தம்பி. ஷூட்டிங் நடக்காவிட்டாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கேமராமேனிடம் வேண்டாம் என்று மட்டும் போய் நிற்காதீர்கள், வேறு வழியோடு போங்கள். எஸ்360-க்கு உள்ள டிஃப்யூஷன் பேனலிலேயே அடர்த்தியானதை மாட்டிக் காட்டுங்கள். அந்த முகமே பெரியது, நிழல் ஓரம் எவ்வளவு மென்மையாக விழுகிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். தோப்பில் இலை நிழல் கொஞ்சம் தெரிந்தால்தான் நிலா மாதிரி இருக்கும், அதையும் சொல்லுங்கள். அதற்கும் மேல் ஸ்கிம்மர்தான் வேண்டும் என்றால் 4க்கு 4 போடுங்கள், பரப்பு கால்வாசியாகிவிடும். 8க்கு 8 என்றால் காற்று அடங்கிய நேரம் மட்டும்.

எப்போது இறக்குவது என்பதை ஷூட்டிங் தொடங்கும் முன்பே மேனேஜர், கேமராமேன், டைரக்டர் மூவர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சின்ன மரங்கள் முழுசாக ஆட ஆரம்பித்தால் ஸ்கிம்மர் இறங்கும். பெரிய கிளை அசைந்தால், குடை பிடிக்க முடியாமல் போனால், எஸ்360-ம் இறங்கும். முன்கூட்டியே சொன்னதை மறுக்க அவர்களுக்கும் சங்கடமாக இருக்கும். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவருக்கு அந்த இரவு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

முதல் நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றி, இறக்கி, நேரம் பாருங்கள். எங்களுக்கு நாலு பேரோடு மூன்று நிமிடம் ஆகும். உங்களுக்கு எத்தனை ஆகிறது என்று வந்து சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் போனால் இன்னொரு ஆள் கேளுங்கள், நான் வேண்டுமானால் ஆனைமலையிலிருந்து ஒருவரை அனுப்பி வைக்கிறேன்.