மனச்சிதைவு நோயாளிக்கு அரசு உதவித்தொகை: மனு ஏன் திரும்புகிறது?

வைகைக்கரை:
தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்கு 11 வருஷமாக மாத்திரை. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம். "இந்த வகையில் வராது" என்று திரும்பிவிட்டது. சான்றிதழில் மனநோய் 45 சதவீதம். வேறு வழி உண்டா? அப்பா மத்திய அரசு ஓய்வூதியர்.

மனுநீதி:
அந்த 2,000 அறிவுசார் குறைபாடு (மனவளர்ச்சி குன்றியது), தசைச்சிதைவு என்று குறிப்பிட்ட சில வகைகளுக்குத்தான். மனவளர்ச்சி குன்றியது வேறு, மனநோய் வேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் எத்தனையோ குடும்பங்கள் வீணாக அலைகின்றன. நீங்கள் கேட்க வேண்டியது வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 18 வயதும் சான்றிதழில் 40 சதவீதக் குறைபாடும் வேண்டும். 2023-இல் அது மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் பதியுங்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தாரிடம் போகும். வங்கிக் கணக்கு தம்பி பெயரிலேயே, ஆதார் இணைத்து இருக்கட்டும்.

தென்றல்:
சதவீதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். மனநோய்க்குச் சதவீதம் போடுவது 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்து. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை: ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோயின் காலத்துக்குத் தனி மதிப்பெண்: 2 வருஷத்துக்குள் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 7 வந்தால் 40 சதவீதம். 14 வந்தால் 71.

சறுக்குவது இரண்டு இடத்தில். கடைசி மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் 11 வருஷம் என்பதற்குச் சான்று இல்லை. முதல் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தேதி வரிசையில் வையுங்கள். அடுத்தது, "தானே குளிப்பானா?" என்று டாக்டர் கேட்டால் கூச்சத்தில் அம்மாக்கள் "குளிப்பான்" என்றுவிடுகிறார்கள். மூன்று முறை சொல்லி, வாளியில் தண்ணீர் எடுத்து வைத்து, சட்டையைக் கையில் கொடுத்தால்தான் குளிக்கிறார் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அது பிள்ளையைக் குறைசொல்வது ஆகாது.

மனுநீதி:
அப்பாவின் ஓய்வூதியம்தான் பெரிய பிடிமானம். பெற்றோர் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில், நோயால் சம்பாதிக்க முடியாதவருக்கு 25 வயது வரம்பு இல்லை. ஆயுளுக்கும் உண்டு. அப்பா இருக்கும்போதே தம்பி பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க அவரே மனுக் கொடுக்கட்டும். பெற்றோர் காலத்துக்குப் பிறகு, தன் நோயைத் தானே நிரூபிக்கும் பாடு அவர் தலையில் விழக்கூடாது.

தென்றல்:
வருமான வரி கட்டுபவர் தம்பியைப் பராமரித்தால் பழைய வரி முறையில் 80டிடி பிரிவின் கீழ் 75,000 கழிக்கலாம். 80 சதவீதம் என்றால் 1,25,000. செலவுக்குக் கணக்கு கேட்க மாட்டார்கள். யாராவது நிராமயா என்ற மாற்றுத்திறனாளி மருத்துவக் காப்பீட்டைச் சொன்னால் அதற்காக அலைய வேண்டாம், மனநோய் அதில் சேராது.