போத்தலின் அடியில் களி மாதிரி நிற்கிறது, கடைசி வேளையைக் கொடுக்கலாமா?

கொக்குவில் சித்தி:

அக்காவின் மகனுக்கு நாலரை வயது. அக்காவுக்குக் கொழும்பில் வேலை என்பதால் கிழமை நாட்களில் பெடியன் என்னோடுதான். போன கிழமை காது வலியும் காய்ச்சலும் வந்தது. டொக்டர் இரண்டு போத்தல் எழுதினார். ஒன்று வெள்ளைப் பரசிற்றமோல் பாணி, ஒரு வேளைக்கு 10 மி.லீ. மற்றது தூளாக வரும் அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோற்றிக், வீட்டில் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டியது.

கொதித்தாறிய தண்ணீரைத் தூளுக்குள் விட்டேன். நுரை பொங்கிக் கோடு வரை வந்தது. சரி என்று மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் மட்டம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. போத்தல் ஒழுகவும் இல்லை.

பரசிற்றமோல் கொடுத்தும் முதல் நாள் காய்ச்சல் அசையவே இல்லை. போத்தல் முடிகிற நேரம் சரித்துப் பார்த்தேன். அடியில் ஒடியற் கூழ் மாதிரித் தடிப்பாக நிற்கிறது. உண்மையைச் சொன்னால் நான் ஒரு நாளும் குலுக்கவில்லை. இருமல் பாணியை யார் குலுக்குகிறார்கள்? அந்தக் கடைசி வேளையைக் கொடுக்கலாமா, கொட்டவா?

இன்னொன்று. அவனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் சொறி. முன்பு நீர் வடிந்தபோது தந்த டியூப்பில் கிறீம் என்று இருந்தது. இப்போது காய்ந்து செதில் கிளம்புகிறது, தந்த டியூப்பில் ஒயின்ற்மென்ற் என்று இருக்கிறது. மருந்தின் பெயர் ஒன்றுதான். கடைக்காரர் மாறித் தந்துவிட்டாரா?

ஓய்வு மருந்தாளர்:

தங்கச்சி, அந்தக் கடைசி வேளையைக் கொடுக்காதேயுங்கோ. அடியில் நிற்பது கரையாமல் இறங்கிய மருந்து. மேலே இருந்து ஊற்றியதில் மருந்து எழுதியதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும், காய்ச்சல் எப்படி இறங்கும்? இப்போது மிச்சம் இருக்கிற 10 மி.லீ.க்குள் ஒரு வேளையா, மூன்று வேளையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இருமல் பாணி அநேகமாகக் கரைசல், சீனித்தண்ணீர் போல. எங்கு அள்ளினாலும் ஒரே அளவு மருந்து. பரசிற்றமோல் அப்படி இல்லை. சாதாரண வெப்பநிலையில் 5 மி.லீ. தண்ணீரில் ஏறத்தாழ 70 மி.கி.தான் கரையும். பிள்ளைகளின் பாணியில் 5 மி.லீ.க்கு 120 மி.கி. இருக்க வேண்டும். மீதி எங்கே போகும்? மாவாக மிதக்கும். பள்ளிக்கூடத்தில் தொங்கல் என்று படித்திருப்பீர்கள், அதுதான் இது. கரையாத மருந்து நாக்கில் கசப்பதும் குறைவு. சீக்கிரம் கீழே இறங்காமல் இருக்கப் பசை போன்ற ஒன்றையும் சேர்ப்பார்கள். ஆனாலும் நாட்கணக்கில் நின்றால் இறங்கும். குலுக்கும்போது போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் ஒட்டியது விட்டுவிட்டதா என்று வெளிச்சத்தில் பாருங்கோ. குலுக்கிய கையோடு அளந்துவிடவேண்டும். சமையலறைக்குப் போய் வந்து ஊற்றினால் குலுக்கியதற்குப் பலன் குறையும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆஸ்பத்திரிக்குச் சனம் தங்கள் வீட்டுப் போத்தலையே கொண்டு வரும். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், எல்லாம் வரும். பெரிய சாடியில் இருந்து மிக்சர் மருந்தை ஊற்றிக் கொடுப்போம். என் மேலாளர் சாடியைக் கலக்காமல் ஒரு சொட்டும் ஊற்ற விடமாட்டார். காலையில் வந்தவருக்குத் தண்ணீர், மத்தியானம் வந்தவருக்கு மண்டி என்று ஆகிவிடும் என்பார். அப்போது எனக்கு அது கிழவரின் கெடுபிடியாகத்தான் பட்டது.

அமொக்சிசிலின் விஷயம். ஒரு விரல் குறைந்தது நுரை அடங்கியதால். தண்ணீர் குறைவு என்றால் மருந்து தடிப்பு, ஒவ்வொரு வேளையும் எழுதியதைவிடக் கூடத்தான் போயிருக்கும். கலந்த உடனே கண்டிருந்தால் கோடு வரை நிரப்பியிருக்கலாம். பாதி கொடுத்த பிறகு கண்மதிப்பில் தண்ணீர் விடவேண்டாம். போத்தலோடு கடைக்குப் போங்கோ, டொக்டருக்கும் சொல்லுங்கோ. அடுத்த முறை முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, பாதித் தண்ணீர் விட்டுக் குலுக்கி, நுரை அடங்கவிட்டு, பிறகு மீதியைக் கோடு வரை விடுங்கோ. தூளாக விற்பதற்குக் காரணம், தண்ணீரில் நின்றால் அது மெல்ல மெல்ல உடைந்துபோகும் மருந்து. சூட்டில் இன்னும் வேகமாக. கலந்த பின் 7 நாளா 14 நாளா என்று லேபிளில் இருக்கும், கலந்த திகதியைப் போத்தலிலேயே எழுதிவையுங்கோ. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாதபோது தண்ணீர்ப் பானையடியில் ஈர மணலுக்குள் போத்தலைப் புதைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது பிறிட்ஜ் இருக்கிறது, ஐஸ் பிடிக்கும் தட்டில் மட்டும் வைக்காதேயுங்கோ.

டியூப் மாறவில்லை. கிறீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு, நீர் வடியும் தோலுக்குத் தோதானது. ஒயின்ற்மென்ற் முழுக்கக் கொழுப்பு. தோலின் ஈரத்தை மூடிப் பிடித்து வைக்கும், காய்ந்து செதில் கிளம்பும் இடத்துக்கு அதுதான். ஸ்ரீறொயிட் மருந்து என்றால் ஒரே பெயர், ஒரே சதவீதம் இருந்தாலும் ஒயின்ற்மென்ற் பல நேரம் கூடிய வீரியத்தில் வேலை செய்யும். ஆகவே அப்பிவிடாதேயுங்கோ. பெரியவரின் சுட்டுவிரல் நுனியில் இருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். அவனது முழங்கை மடிப்புக்கு அதிலும் குறைவு.

நெல்லியடிப் பெடியன்:

ஐயா சொன்னதோடு மருந்து அளக்கிற கரண்டியையும் சேர்க்கவேண்டும். எங்கள் வீட்டுத் தேக்கரண்டிகளை ஒரு நாள் சிறிஞ்சால் அளந்து பார்த்தேன். ஒன்று 3 மி.லீ., ஒன்று நாலரை, அம்மம்மாவின் பழைய எவர்சில்வர்க் கரண்டி 7. அம்மம்மா இப்போதும் அந்தச் சிறிஞ்சைக் கண்டால் ஊசி போட வந்தவனைப் பார்க்கிற மாதிரித்தான் பார்க்கிறா.

இணுவில் அம்மா:

என் கதையைக் கேட்டால் சித்தி தேறுவீர்கள். மகளுக்குக் கொப்பளிப்பான் வந்தபோது காலமைன் லோஷன் தந்தார்கள். மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. பழுதாகிவிட்டது என்று நினைத்து மாமி அந்தத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, அடியில் நின்ற ரோஸ் களியை அப்பிவிட்டா. பிள்ளை காய்ந்த சுவர் மாதிரி வெடித்துப்போய் இருந்தாள்.

ஒரு கேள்வி ஐயா. ஒயின்ற்மென்ற் சீக்கிரம் முடிகிறது என்று தேங்காயெண்ணெயோடு குழைத்துப் பூசுகிறோம். பரவாயில்லையா?

ஓய்வு மருந்தாளர்:

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன், அம்மா. எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, வீரியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியாது. எண்ணெய் பூச விருப்பம் என்றால் மருந்து பூசிக் கொஞ்ச நேரம் விட்டுத் தனியாகப் பூசுங்கோ.

காலமைனும் தொங்கல்தான், தோலுக்குப் பூசுகிற தொங்கல். பொடிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டது. அந்தத் தண்ணீர் தோலில் காயும்போதுதான் குளிர்ச்சி, அதைத்தான் உங்கள் மாமி வேப்பமரத்துக்குக் கொடுத்திருக்கிறா.

கொக்குவில் சித்தி:

கடைக்குப் போய்வந்தேன். பழைய பரசிற்றமோலை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். டொக்டரிடம் போனில் கேட்டு அமொக்சிசிலினுக்குப் புதுப் போத்தல் தந்தார்கள். இந்த முறை அவர்களே கலந்து, மூடியில் திகதியும் எழுதித் தந்தார்கள். டியூப்பையும் காட்டினேன், சரிதானாம். மனதுக்குள் திட்டிய கடைக்காரரிடம் ஒரு சிறிஞ்சும் வாங்கிக்கொண்டேன்.

குலுக்குகிற வேலையை இனிப் பெடியனுக்கே கொடுத்திருக்கிறேன். வீடு முழுக்க ஆடிக்கொண்டு குலுக்குகிறான். மூடியை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன்.