புதுப்பிப்பு: ஜிஐ பில் உதவியுடன் பொது நிர்வாக முதுகலை – பல்கலைக்கழகம் முடிவாகிவிட்டது

அமெரிக்கத் தரைப்படையிலிருந்து விலகிய நான், முன்னாள் படைவீரர்களுக்கு உகந்த பொது நிர்வாக முதுகலைப் படிப்பு எங்கே கிடைக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன்.

"விளம்பரத்தை நம்பாமல், பல்கலைக்கழகத்தில் படைவீரர் உதவித்தொகைக்குச் சான்றளிக்கும் அலுவலரிடம் நேரில் பேசுங்கள்" என்ற யோசனையே கைகொடுத்தது. அரசுப் பல்கலைக்கழகமாதலால் உள்மாநிலக் கட்டணம் முழுவதையும் ஜிஐ பில் (முன்னாள் படைவீரர்களின் கல்விக்கு உதவும் அமெரிக்க அரசுத் திட்டம்) ஏற்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு; மிச்சத்தை ஈடுகட்டும் யெல்லோ ரிப்பன் திட்டத்தின் இடங்களும் தொகையும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே துறைக்குத் துறை மாறக்கூடும் என்பதால், உங்கள் துறையின் பெயரைச் சொல்லியே விசாரியுங்கள். 1924-இல் தொடங்கிய சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் பள்ளியின் பொது நிர்வாகப் படிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது; குடும்பத்தை இடம்பெயர்க்க முடியாததால்தான் விட்டுவிட்டேன்.

எதிர்பாராதது, ஜிஐ பில் தரும் வீட்டு வாடகைப்படி. பாடங்கள் அனைத்தும் இணையவழியில் இருந்தால், தேசிய சராசரியில் பாதிதான் கிடைக்கும். ஒரு பாடமாவது வகுப்பறையில் நடந்தால், வளாகம் அமைந்துள்ள பகுதிக்குரிய விகிதம் பொருந்தும். ஆகவே வரவுசெலவுத் திட்டப் பாடத்தை மாலை நேர நேரடி வகுப்பாக மாற்றிக்கொண்டேன். பருவங்களுக்கு இடைப்பட்ட விடுமுறை நாள்களுக்கு இந்தப் படி வராது. அதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

சமூகப்பணி முதுகலையைத் தேடுவோர், சமூகப்பணிக் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உரிமம் பெறுவதற்கு அது தேவைப்படும்.