புடாபெஸ்டில் ஒரு பகல்: கப்பலிலிருந்து இறங்கி நகரம் பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஆற்றுக் கப்பல் பயணத்தில் கைடோடு நகரம் சுற்றிய நாள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்தான். டான்யூப் கரையில் வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு என்று நான்கு தலைநகரங்கள் இருக்கின்றன. இவற்றில் புடாபெஸ்ட் அளவுக்கு வேறு எந்த ஊரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. அப்பா, நான், என் கணவர் மூவரும் போயிருந்தோம்.

காலை உணவு முடிந்ததும் வரவேற்பு மேசையில் பஸ் எண் போட்ட அட்டையும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியும் தருவார்கள். கரையில் இடம் குறைவு என்பதால் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். அன்று எங்கள் கப்பல் வெளிப்பக்கம். பக்கத்துக் கப்பலின் கூடத்துக்குள் புகுந்துதான் கரைக்குப் போனோம்.

கைடு அந்த ஊர்ப் பெண்மணி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் வீரர்கள் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார். மாஜார் மக்கள், அதாவது ஹங்கேரியர்கள், இந்த மண்ணுக்கு வந்தது 896-இல் என்று கணக்கு வைத்து, 1896-இல் ஆயிரமாவது ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடியிருக்கிறார்கள். 96 என்ற எண்ணை நகரமெங்கும் பதித்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பார்லிமெண்ட் கோபுரம் 96 மீட்டர், புனித ஸ்டீபன் பேராலயமும் 96 மீட்டர். எங்கள் காலடியில் ஓடும் முதல் மெட்ரோ பாதை திறந்ததும் 1896-இல்தான். அப்புறம் நாள் முழுக்க எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் "இது எத்தனை மீட்டர்மா?" என்று அவரைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார்.

பிறகு பாலம் தாண்டி ஆற்றின் மேற்குக் கரையான புடா பக்கம் (கிழக்குக் கரை பெஸ்ட்). மத்தியாஸ் தேவாலயத்தின் வண்ண ஓட்டுக்கூரை, அதை ஒட்டி மீனவர் கொத்தளம். அங்கே ஏழு கோபுரங்கள், ஏழு மாஜார் தலைவர்களுக்காக. எல்லோரும் படம் எடுக்கிற இடம்தான், நாங்களும் எடுத்தோம். ஆனால் அந்த மாடத்தில் நின்று கைடு சொன்னதுதான் எனக்கு முக்கியம். கீழே தெரிந்த சங்கிலிப் பாலத்தைக் காட்டினார். புடாவையும் பெஸ்டையும் இணைத்த முதல் நிரந்தரப் பாலம் அது, 1849-இல் திறந்தது. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. போர் முடிந்தபோது இந்த ஊரில் ஆற்றின்மேல் ஒரு பாலம்கூட முழுதாக இல்லையாம். சங்கிலிப் பாலத்தை மறுபடி கட்டி, சரியாக நூறாவது ஆண்டில், 1949-இல் திறந்தார்கள்.

பிறகு பார்லிமெண்டுக்குச் சற்றுத் தெற்கே கரையைக் காட்டி, "அங்கே இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. பஸ் அங்கே நிற்காது. மதியம் உங்களுக்கு ஓய்வு நேரம், நடந்தே போகலாம். தயவுசெய்து போய்ப் பாருங்கள்" என்றார். "தயவுசெய்து" என்று அவர் அன்று முழுக்க வேறு எதற்கும் சொல்லவில்லை.

போனோம். கரையோரச் சாலையில் வண்டிகள் வேகமாக வரும், பார்த்துக் கடக்கணும். தண்ணீரை ஒட்டிய கல் விளிம்பில் அறுபது ஜோடிக் காலணிகள், எல்லாமே இரும்பு வார்ப்பு. ஆண்களுடையவை, பெண்களுடையவை, பிள்ளைகளுடையவை. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை இங்கே வரிசையாக நிறுத்தினார்கள். காலணிக்கு அன்று நல்ல விலை உண்டு என்பதால் அதை முதலில் கழற்றச் சொன்னார்கள். பிறகு சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். இந்த நினைவிடம் 2005-இல் வந்தது. யோசனை திரைப்பட இயக்குநர் ஜான் தோகாயுடையது, செய்தவர் சிற்பி ஜூலா பவுவர்.

அப்பா ஒன்றும் பேசாமல் தன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். பக்கத்தில் ஒரு பெரியவர், உள்ளூர்க்காரர், ஏன் கழற்றினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இந்த மாதிரி இடத்தில் நாங்கள் காலில் போட்டுக்கொண்டு நிற்க மாட்டோம்" என்றார் அப்பா. அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் அம்மா சிறுமியாக ஸ்வீடன் தூதரகப் பாதுகாப்பில் இருந்த ஒரு வீட்டில் ஒளிந்து பிழைத்தவர் என்று சொல்லி, வடக்கே மார்கரெட் பாலம் இருக்கும் திசையைக் காட்டினார். ரவுல் வாலன்பெர்க் என்ற ஸ்வீடன் தூதரக அதிகாரி பாதுகாப்புச் சீட்டுகள் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய கதையை அப்பாவுக்கு நின்ற இடத்திலேயே சொன்னார். 1945 ஜனவரியில் சோவியத் படை பிடித்துப்போன அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை.

இரவில் கப்பல் விளக்கொளியில் நகரத்தைக் காட்டிக்கொண்டு மெதுவாகப் போகும். மேல்தளத்தில் இசை, கையில் கோப்பை, பொன்னாக மின்னும் பார்லிமெண்ட். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு அந்தக் கல் விளிம்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். பாதிப் பேருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன்: பகல் சுற்றுலாவில் அந்தக் கரை இல்லையென்றால் நீங்களே போய்விட்டு வாருங்கள், அதுவும் விளக்கொளிப் பயணத்துக்கு முன்பாக. தெரிந்துகொண்டு பார்க்கிற ஆறும் தெரியாமல் பார்க்கிற ஆறும் ஒன்றல்ல.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் புடாபெஸ்ட் பயணம் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு உண்டா என்று முந்தின நாள் மாலையே கப்பலில் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன். பெரும்பாலான கப்பல்களில் இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். புடா பக்கக் கோட்டைக் குன்றின்மேல் பாதையெல்லாம் உருளைக்கல் பாவியது, தட்டையான அடிப்பாகம் உள்ள செருப்பு கட்டாயம்.

எங்கள் கைடு ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். நடை குறைந்ததால் கதை கூடியது. 1241-இல் மங்கோலியப் படையெடுப்பில் நாடே நொறுங்கிய பிறகு நான்காம் பேலா மன்னர் இந்தக் குன்றில் கோட்டை கட்டியதை, மத்தியாஸ் தேவாலயத்துக்கு வெளியே பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். 1867-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃபுக்கும் அவர் மனைவி எலிசபெத்துக்கும் ஹங்கேரியின் அரசர், அரசியாக முடிசூட்டியதும் அந்தத் தேவாலயத்தில்தான். அம்மா அதிகம் படிக்காதவர். இன்றும் பேலா மன்னர் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்.

காதுக் கருவி கரகரத்தால் நீங்கள் கைடைவிட்டு விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம். நின்று நாலா பக்கமும் பாருங்கள், கைடு தூக்கிப் பிடித்திருக்கும் எண் பலகை தெரியும்.

*

என் புடாபெஸ்ட் அனுபவத்தையும் சொல்கிறேன். மதியத்தை நான் டொஹானி தெரு ஜெபக்கூடத்தில் கழித்தேன். 1859-இல் திறந்தது, ஐரோப்பாவிலேயே பெரிய யூத ஜெபக்கூடம், ஏறக்குறைய மூவாயிரம் பேர் உட்காரலாம். சனிக்கிழமை மூடியிருக்கும், கப்பல் அன்று வந்தால் வேறு திட்டம் வையுங்கள். ஆண்கள் தலையை மூடணும், தோள் தெரியாத உடை வேண்டும். பின்முற்றத்தில் இம்ரே வர்கா செய்த உலோக வில்லோ மரம் இருக்கிறது. இலைகளில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப முடியாது, நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

காலையில் நடந்த இன்னொன்றும் சொல்லணும். நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் எங்கள் கைடு முகம் மலர்ந்து, "அம்ரிதா ஷேர்கில் இங்கே பிறந்தவள்" என்றார். உண்மைதான், ஓவியர் அம்ரிதா 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர், அம்மா ஹங்கேரியர். அதோடு விடவில்லை. திபெத்திய–ஆங்கில அகராதியைத் தொகுத்த சோமா என்ற ஹங்கேரிய அறிஞர் 1842-இல் டார்ஜிலிங்கில் இறந்தார், கல்லறையும் அங்கேதான், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பார்த்ததில்லை என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டேன்" என்றார். அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, கண்டிப்பாகப் போவேன்.

*

என் பதிவுக்குப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஜெபக்கூடத்துச் சனிக்கிழமை விஷயம் பலருக்கு உதவும். இரும்புச் செருப்புகள் இருக்கும் இடத்துக்கு எப்படிப் போவது என்று தனியாகக் கேட்ட தங்கைக்கு: பெஸ்ட் பக்கம் ஆற்றை ஒட்டியே ஓடும் 2-ஆம் எண் டிராமில் பார்லிமெண்ட் முன்னால் கொஷூத் சதுக்கத்தில் இறங்குங்கள். ஆற்றங்கரைக்கு வந்து, ஓடும் தண்ணீரின் திசையிலேயே தெற்கே நடந்தால் போதும். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி, ஏறினதும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். சில்லறைச் செலவுக்குக் கையில் கொஞ்சம் ஃபோரிண்ட் இருக்கட்டும், ஹங்கேரியின் நாணயம் அதுதான், யூரோ அல்ல. கப்பல் கிளம்பும் நேரத்தை வரவேற்பு மேசைப் பலகையில் பார்த்துவிட்டே இறங்குங்கள். இரவு விளக்கொளிப் பயணம் இருக்கிற நாளில் அது மாறக்கூடும்.