அவுட் கொடுத்த பிறகு

மண்டபம் சித்தி: பாப்பாவின் சாஃப்ட்பால் மேட்ச் வீடியோவை எல்லோரும் ஒரு தடவை பாருங்கள். பாப்பா கால், ஓடிப்போய்த் தொடுகிற அந்த பேஸில் பட்ட பிறகுதான் பந்தே வருகிறது. அந்த அம்பயர் முஷ்டியைத் தூக்கி அவுட் என்கிறார். பிள்ளை வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை.

உச்சிப்புளி அண்ணன்: நானும் அங்கேதான் நின்றேன் சித்தி. நாங்கள் போட்ட சத்தம் பாம்பன் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாம்பன் மாமா: அதுதான் அவர் செய்த நல்ல காரியம்.

மண்டபம் சித்தி: அண்ணே, நீங்களும் சாஃப்ட்பால் அம்பயர் என்பதற்காக அவருக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

பாம்பன் மாமா: வக்காலத்து இல்லைம்மா. நீ வீடியோ எடுத்தது பேட்டர் நின்று அடிக்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று. அங்கிருந்து ஓடுகிறவள் முதுகுதான் தெரியும், கால் பேஸைத் தொட்ட நொடி தெரியாது. பேஸ் அம்பயர் பக்கவாட்டில் நிற்பார், கண்ணை பேஸ் மேல் வைத்துக்கொண்டு பந்து கிளவுஸில் விழுகிற சத்தத்தைக் காதால் பிடிப்பார். கச்சான் காற்று அடிக்கும்போது, அதுவும் வேலியோரம் நீங்கள் எல்லோரும் கத்தினால், அந்தச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது! அவர் தப்பாகவே சொல்லியிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவுட்டா சேஃபா, வீசின பந்து பாலா ஸ்டிரைக்கா, அடித்த பந்து கோட்டுக்குள்ளே ஃபேரா வெளியே ஃபவுலா என்பதெல்லாம் அவர் கண்ணுக்குப் பட்டதுதான் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது.

சித்தப்பா: அமெரிக்கா மேட்சில் ரீப்ளே பார்த்து மாற்றுகிறார்களே மச்சான்?

பாம்பன் மாமா: அங்கே பேஸ்பால் பெரிய லீகில் 2014-இல்தான் அது விரிவாக வந்தது. 2010-இல் நடந்ததைக் கேளுங்கள். டெட்ராய்ட் அணியில் பந்து வீசுகிற பிட்சர் அர்மாண்டோ கலராகா வரிசையாக 26 பேரை அவுட்டாக்கிவிட்டார், ஒருவரும் பேஸுக்குப் போகவில்லை. இன்னும் ஒரே அவுட் எடுத்தால் குறையே இல்லாத ஆட்டம். 27-வது ஆளும் ஃபர்ஸ்ட் பேஸில் அவுட்தான், ஆனால் ஜிம் ஜாய்ஸ் என்ற அம்பயர் சேஃப் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்து ரீப்ளேயைப் பார்த்ததும் தப்பு என்னுடையது என்று கண்கலங்கி ஒப்புக்கொண்டார். அப்படியும் தீர்ப்பை மாற்றவில்லை. மறுநாள் அவர்தான் பிளேட் அம்பயர், அணிப் பட்டியலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தது அதே கலராகா.

சித்தப்பா: நமக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் வராது மச்சான் 😄

உச்சிப்புளி அண்ணன்: அப்போ என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு வரணுமா மாமா?

பாம்பன் மாமா: விதியையே தப்பாகப் பிடித்தால் கேட்கலாம். அதுவும் கோச் மட்டும், டைம் வாங்கிக்கொண்டு, அந்தத் தீர்ப்பைச் சொன்ன அம்பயரிடமே போய், அடுத்த பந்து போடுவதற்குள். அடுத்த பிட்ச் போய்விட்டால் முடிந்தது கதை. பார்வையை யாரோ மறைத்தார்கள் என்று தோன்றினால் இன்னொரு அம்பயரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று வேண்டலாம், கேட்பது இவர் இஷ்டம். இவர் கூப்பிடாமல் அவர் தானாக வந்து மாற்றக்கூடாது.

மண்டபம் சித்தி: மாமா நான் பாப்பா, அம்மா போனில் இருந்து. மூணாவது இன்னிங்ஸில் எங்கள் ஆளுக்கு மூணாவது ஸ்டிரைக், பேட்டைச் சுற்றிவிட்டாள், பந்து படவில்லை, பின்னால் நின்று பிடிக்கிற கேட்சர் பந்தைக் கீழே விட்டுவிட்டாள். ஃபர்ஸ்ட் பேஸில் யாருமே இல்லை. இவள் ஓடி பேஸைத் தொட்டுவிட்டாள். பிளேட் அம்பயர் அவுட் அவுட், திரும்பி வா என்று கூப்பிட்டுவிட்டார். அது சரியா?

பாம்பன் மாமா: அடி சக்கை, இதை ஏன் முதலிலேயே ஒருத்தரும் சொல்லவில்லை? மூணாவது ஸ்டிரைக் என்றால் வழக்கமாக அவுட்தான், ஆனால் அந்தப் பந்தை கேட்சர் பிடிக்காமல் விட்டு, ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இருந்தால் பேட்டர் ஓடலாம். பேஸில் ஆள் இருந்தாலும் ஏற்கெனவே ரெண்டு அவுட் ஆகியிருந்தால் ஓடலாம். பந்தை எடுத்து இவளைத் தொடணும், இல்லை இவளுக்கு முன்னால் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போடணும், அப்போதுதான் அவுட். இது கண் பார்வைக் கணக்கில் வராது, விதிக் கணக்கு. ரொம்பச் சின்னப் பிள்ளைகள் பிரிவில் சில இடங்களில் இந்த விதியை வைப்பதில்லை. உங்கள் போட்டி விதியில் இருந்ததா?

மண்டபம் சித்தி: இருக்கு மாமா, கோச் படித்துக் காட்டினார்.

பாம்பன் மாமா: அப்போ அந்த நேரத்தில் கோச் எங்கே போனார்?

உச்சிப்புளி அண்ணன்: எங்களை வேலிப் பக்கம் அடக்கிக்கொண்டு இருந்தார் மாமா...

பாம்பன் மாமா: நல்லா இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு நானும் வருகிறேன். உங்கள் கூட்டத்தோடு மட்டும் உட்கார மாட்டேன்.

சித்தப்பா: வேலி நிழல் காலையில் எட்டரை வரைக்கும்தான் மச்சான், தொப்பி எடுத்து வாருங்கள்.