பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட முதலியார்

கொட்டாஞ்சேனைக்காரன்:
என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் 'முதலியார்' என்று இருக்கிறது. எங்கள் பரம்பரையில் அப்படியொரு குடும்பப் பெயர் இருந்ததே இல்லை. பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் முதலியாராக இருந்தவர். இலங்கையில் அது உள்ளூர்த் தலைமைக்காரருக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம், அவரோடு முடிய வேண்டியது. அப்பப்பா மலாயாவுக்குக் கப்பலேற விண்ணப்பம் நிரப்பும்போது, குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தை வெறுமையாக விடக் கூச்சப்பட்டு, தகப்பனின் பட்டத்தைத் தூக்கி அதில் எழுதிவிட்டார். தகப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிற ஆட்கள் நாங்கள், எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்த ஒரு கட்டம் மூன்று தலைமுறையாக எங்களைத் துரத்துகிறது.

போன வருடம் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு மாதம் தங்க வீடு தேடினேன். வீட்டுக்கார ஐயா கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"முதலியாரா? எந்த முதலியார் தம்பி? செங்குந்தரா, துளுவ வேளாளரா, தொண்டைமண்டலமா?"

அங்கே ஒரே பட்டத்தைப் பல சமூகங்கள் வைத்திருக்கின்றன, அது எனக்குத் தெரியும். பதில்தான் தெரியவில்லை. "கேற் முதலியார்" என்று சொல்லி வைத்தேன். அப்படி ஒரு பிரிவை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். சரி, விளக்குவோம் என்று, ஆளுநரின் வாசலின் பெயரால் கொடுத்த பட்டம், தமிழில் வாசல் முதலியார் என்பார்கள் என்றேன்.

"ஓஹோ, வாட்ச்மேனா?"

வீடு கிடைத்தது, அதில் குறையில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அவர் என்னை ஒரு மாதிரி அனுதாபத்தோடுதான் பார்த்தார். உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? எழுதுங்கள்.

புதுக்கடை அலைந்தவன்:
எனக்கு நேர்மாறாக நடந்தது. காணி வழக்குக்காக, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்கு நடந்த காலம். ஒருநாள் எங்கள் சட்டத்தரணி, "முதலியாரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று அனுப்பினார். எனக்கு முதலியார் என்றால் பழைய படங்களில் இருக்கிற ஆள்தான்: பொன்சரிகைக் கோட்டு, இடுப்பில் வாள். நீதிமன்ற மண்டபம் முழுக்கத் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் கோவைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடித் திரிந்த ஒரு மெலிந்த பையனைக் காட்டினார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அந்த வேலைக்கு அங்கே பெயர் முதலியார். சிங்களத்தில் 'முதலி மஹத்தயா'. பட்டம் கொடுத்த ஆளுநர்கள் போய் எத்தனை காலம்! பாவம், வாளும் இல்லை, வண்டியும் இல்லை, வேலை மட்டும் மிச்சம்.

பம்பலப்பிட்டி அக்கா:
என் கதை சின்னது. ஊரிலிருந்து வந்த மாமியை ஓட்டோவில் ஏற்றிக் கொள்ளுப்பிட்டியில் முகாந்திரம் வீதிக்கு விடச் சொன்னேன். மாமி கடும் யோசனையோடு, "என்ன முகாந்திரத்துக்கு அங்கை போறம்?" என்று கேட்டா. முதலியாருக்கு அடுத்த படியில் இருந்த தலைமைக்காரர் முகாந்திரம். எங்கள் பேச்சில் முகாந்திரம் என்றால் காரணம். ஓட்டோக்காரத் தம்பிக்குத் தமிழ் விளங்கும் போல, அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடிப்போனது. இதில் முகாந்திரத்துக்கும் கீழே இருந்த ஆராச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை செய்கிற ஹெட்டியாராச்சியை என் மகள் வெகுகாலமாக ஏதோ ஆராய்ச்சி செய்கிறவர் என்றே நினைத்திருந்தாள்.

மருதானை மரிக்கார்:
முதலியார்மாரே, எங்களையும் கொஞ்சம் பாருங்கள். மரிக்கார், மரைக்கார், மரைக்காயர் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொல். மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். கோழிக்கோட்டில் குஞ்ஞாலி மரைக்கார் என்றால் அந்த ஊர் அரசர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர். கிழக்கு மாகாணத்தில் அது இன்னும் வேலை செய்கிற பதவி, ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார். கொழும்பில் அது எங்கள் வீட்டு வாசல் பலகையில் இருக்கிற வெறும் பெயர்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மரிக்கார் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, பந்தியில் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நானும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன், பொய் சொல்லக்கூடாது. வட்டிலப்பம் வரும் நேரத்தில் உண்மையான மரைக்கார் வந்து சேர்ந்தார். மனிதர் பெரிய மனது, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெயரை வைத்துப் பெருமையடிக்க எங்களுக்கு வேறு ஒருவர் இருக்கிறார். 1877 ஜனவரி 1 அன்று திறந்த கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டாராம். வெள்ளிக்கிழமையில் கட்டிடத்தை மூடி வைத்தால் போதும் என்றாராம். வாப்பா இந்தக் கதையை மாதம் ஒருமுறை சொல்லுவார். ஒவ்வொரு முறையும் ஆளுநரின் ஆச்சரியம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

சம்பளப் பட்டியல்காரி:
எங்கள் அலுவலகத்தில் பெயர்களை முழுதாகப் பதிய வேண்டிய நாளில்தான் எனக்கு விளங்கியது. எச்.எம்., ஆர்.எம்., டி.எம். என்று வருகிற சிங்களவர்களின் 'எம்' பெரும்பாலும் முதியன்சலாகே. ஹேரத் முதியன்சலாகே, ரத்நாயக்க முதியன்சலாகே. முதியன்சே கண்டி அரசர் காலத்துப் பட்டம். இப்போதைய ஜனாதிபதியின் முழுப்பெயரும் திசாநாயக்க முதியன்சலாகே அநுர குமார திசாநாயக்க. நாயக்க என்றாலும் தலைவர்தான், அது இரண்டு தடவை வருகிறது. 2015 முதல் 2019 வரை ஜனாதிபதியாக இருந்த சிறிசேனவின் பெயரில் கமராளலாகே இருக்கிறது, கமராள என்றால் ஊர்ப் பெரியவர். பெயர் நீளம் கணினியின் கட்டத்துக்குள் அடங்காமல் நான் பட்ட பாட்டைப் பார்த்துப் பக்கத்து மேசை ஹேரத் சொன்னார்: "எங்கள் ஊரில் எல்லோருமே பட்டக்காரர், வயலில் இறங்கத்தான் ஆள் இல்லை."

நெல்லியடிப் பேரன்:
எல்லோரும் சிரித்து முடித்துவிட்டீர்களா? எங்கள் அப்பாச்சியிடம் முதலியார் என்று சொன்னால் முற்றத்தில் துப்பிவிட்டுத்தான் பேசுவா. முதலியாரின் வண்டி ஒழுங்கைக்குள் வந்தால் பூட்டன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும். வரி, காணி, சாட்சி எல்லாம் அந்த மனிதரின் வாயில்தான். பட்டம் வாங்கியவரின் பேரனுக்கு அது கடவுச்சீட்டில் ஒரு சங்கடம், அவ்வளவுதான். கீழே நின்றவரின் பேரனுக்கு அது வேறு சாமான். கொட்டாஞ்சேனை அண்ணைமேல் எனக்குக் கோபமில்லை, சொல்லத் தோன்றியது.

ஒன்று மட்டும் எனக்கும் சிரிப்பு. 1963இல் கிராமத் தலைமைக்காரர் பதவியை எடுத்துவிட்டுக் கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள். அப்பாச்சி சாகும்வரை அவரைப் பழையபடி விதானையார் என்றுதான் கூப்பிட்டா. தெகிவளையில் வளர்கிற என் மகனுக்கோ விதானை என்றால் வகுப்பில் கூட இருக்கிற விதானகே.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நெல்லியடித் தம்பி, நீர் சொன்னது சரி. எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிற பூட்டனாரின் படத்தில் பின்னால் இரண்டு பேர் கைகட்டி நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இன்னொரு விசயம். கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கட்டியவர் பொன்னம்பல முதலியார். மகன் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார், ஆனால் அவர் தன்னைப் பொன்னம்பலம் இராமநாதன் என்றுதான் எழுதினார். தம்பியார் பொன்னம்பலம் அருணாசலம். பட்டத்தைத் தகப்பனோடு விட்டுவிட்டார்கள். எங்கள் அப்பப்பா ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கோயிலுக்குத்தான் போனவர். இது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

போன கிழமை என் மகளின் பிறப்பைப் பதியப் போனேன். பெயருக்கு முன்னால் என் பெயர், பின்னால் ஒன்றுமில்லை. எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "குடும்பப் பெயர் வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு வேறு கவலை. தகப்பன் முதலியார், பிள்ளை முதலியார் இல்லை, நாளைக்கு விமான நிலையத்தில் மறித்துக் கேட்டால் என்ன சொல்வது?

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே முடிவும் சொன்னாள்: "வாட்ச்மேன் எண்டு சொல்லுங்கோ."